குளம் வெட்டியதன் பயன்கள் ஐந்து

மதிப்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு, தங்கை வாயாடி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மருமகள் ஆகிய மூவரும் சுகம். அங்கு நீங்கள், அண்ணி, உங்கள் இடது முழங்கால் ஆகிய மூவரும் சுகமா என்று அறிய ஆவல்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா, நான் உங்களுக்காகப் படிப்பை விடவில்லை. மாட்டிக்கொண்டேன்.

இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படியுங்கள், அதேதான் எழுதியிருக்கும். இவள் இதைப் போனில் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று தோன்றும். எப்படிச் சொல்வது? அங்கே அண்ணி போனை எடுத்ததும் சத்தத்தைத் திறந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் காய் நறுக்குகிறார். எதிர்வீட்டுக்காரர்கூட எனக்குப் பதில் சொல்கிறார். இங்கே உங்கள் மருமகளுக்கு இருப்பது காது இல்லை, மூடாத கதவு. அதனால்தான் அவள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, ரிப்பேர் கடையை ஒருபக்கம் சாத்திவிட்டு, அவள் மேசையிலிருந்த வெள்ளைத் தாள்கட்டில் நாலைந்தை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும். சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். போன தடவை நிஜமாகவே அனுப்பிவிட்டீர்கள், பத்துக்கு நாலு போட்டு.

இதற்குமேல் இந்த 'நீங்கள்' வராது. பொய்யை ஒப்புக்கொள்ளும்போது நாக்கில் 'நீ'தான் வருகிறது. பொறுத்துக்கொள்.

முப்பத்து நாலு வருஷமாக நீ எல்லாக் கல்யாண வீட்டிலும் என் தலையைத் தொட்டு, "இவ நின்னதாலதான் நான் படிச்சேன்"னு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குனிவுக்குக் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். ரொம்பக் குனிந்தால் தூங்குகிற மாதிரி இருக்கும், கொஞ்சமாகக் குனிந்தால் திமிர் மாதிரி இருக்கும். அந்தக் குனிவுக்காக எனக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது, எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை கிடைத்தது, என் பிரசவத்துக்கு நீ பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாய். இதையெல்லாம் திருப்பித் தர முடியாது. பிள்ளையும் பிறந்துவிட்டது.

அந்தப் பிள்ளையால்தான் இப்போது வினை. உன் மருமகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் அல்லவா, பள்ளியில் ஏதோ பாடவேலை மதிப்பீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நீ முழங்காலைக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வு பெற்ற பிறகு வந்த சமாச்சாரம், அதனால் நானே உனக்குப் பாடம் எடுக்கிறேன், கை கட்டிக் கேள். மேலிடத்திலிருந்து மூன்று தலைப்பு வருமாம். வகுப்பு சார் அதில் ஒன்றை எடுப்பாராம். அதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வியைத் தாங்களே அமைத்துக்கொண்டு போய்க் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். பிறகு நாலு வாரம் தயாரிப்பு. கடைசியில் வகுப்பில் உட்கார்ந்து இரண்டு பாடவேளை எழுத வேண்டும். எழுதும்போது குறிப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும், தாளின் மூலையில் பள்ளி முத்திரை குத்தியிருக்கும், தொலைத்தால் வேறு கிடையாது.

அவள் வந்து என்னிடம் கேள்வியைக் காட்டினாள். ஒரு மிக்சியின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தேன். "என் குடும்பத்தில் ஒருவர் எடுத்த ஒரு முடிவும் அதன் காரணமும்: குறைந்தது இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்க."

"இதுதான் கேள்வியா?"

"இதேதாம்மா."

"பரீட்சை அன்னைக்கும் இதே வருமா?"

"இதேதான் வரும்."

"கடைசி நேரத்துல மாத்திட மாட்டாங்களே?"

"சார் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கு."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது, அண்ணா. கேள்வியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள்! போகிறவன் வருகிறவன் எல்லாம் படித்துவிட்டுப் போகிறான்! நீ கேள்வித்தாள் தயாரித்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். அண்ணியையும் பிள்ளைகளையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எழுதிய தாளைத் தலையணை உறைக்குள் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருப்பாய். நான் டீ கொண்டுவந்தால்கூடக் கதவை ஒரு டம்ளர் அளவுக்குத்தான் திறப்பாய். நீயே உன் கேள்விகளுக்கு உட்கார்ந்து விடை எழுதி, கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கே ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகுது, சரியா இருக்கு"ன்னு சந்தோஷப்படுவாய். பிள்ளைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று அப்போதே கேட்க நினைத்தேன்.

"அப்புறம் எதுக்குடி முகத்தைத் தொங்கப்போட்டுட்டு நிக்கிற? கேள்விதான் கையிலயே இருக்கே?"

"கேள்வி தெரியும்மா. பதில்தான் தெரியலை."

இந்த வார்த்தை நமக்குத் தோன்றியதே இல்லை பார். கேள்வி மட்டும் தெரிந்துவிட்டால் உலகத்தையே ஒரு கை பார்க்கலாம் என்றல்லவா இருந்தோம்!

அவள் எடுத்துக்கொண்ட முடிவு எது என்று இன்னும் நான் சொல்லவில்லை. "என் அம்மா எட்டாம் வகுப்போடு ஏன் நின்றாள்?" அதுதான். முதல் சான்று அம்மா. இரண்டாவது சான்று மாமா. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை உனக்குப் போன் வரும், அவள் கேட்பாள், பதிவுசெய்துகொள்வாள். வியாழக்கிழமை பரீட்சை. என்னை ஏற்கெனவே விசாரித்துவிட்டாள். விசாரணை என்றா சொன்னேன், வழக்கு என்று சொல்ல வேண்டும். என் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து,

"எதுக்கும்மா நின்ன?"

"உங்க மாமா படிக்கணும்னுதான்."

"மாமா கேட்டாரா?"

"அவன் எதுக்குக் கேக்கப்போறான்?"

"தாத்தா நிக்கச் சொன்னாரா?"

"அவர் வாயே திறக்க மாட்டாரே."

"யாருமே சொல்லலைன்னா, நீ நிக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பு அணைந்திருந்தது. பாலும் இல்லை. காலிப் பாத்திரத்தை ஒரு தடவை கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அப்ப வரலாறு எடுத்த டீச்சர் யாரும்மா?" என்றாள். ஏதோ ஒரு டீச்சர், சின்ன வயசு, நீளப் பின்னல், இப்போது எங்கே இருக்கிறார்களோ என்று சொல்லி வைத்தேன்.

அதனால் இந்தக் கடிதத்தை எதற்கு ஆரம்பித்தேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கும்போது நீ வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, எனக்காகத்தான்"னு சொல்லிவிட்டால் போதும் என்று கேட்பதற்குத்தான். நாலு வரியில் முடிகிற கடிதம். ஆனால் பேனாவைத் திறந்ததும் அப்பாவின் முன்னறை வந்து உட்கார்ந்துகொண்டது. நான் என்ன செய்ய?

உனக்கு அந்த அறை நினைவிருக்கும், ஆனால் நீ அதை வாசற்படியிலிருந்துதான் பார்த்தாய். புத்தகமும் கையுமாக முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவன் நீ. நான் உள்ளே இருந்தேன். மூன்று மேசை, மூன்றிலும் டைப்ரைட்டர்கள் குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடக்கும். மண்ணெண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த அந்த வாசனை, அது எனக்கு இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் நின்றுவிடுவேன். அப்பா பேசமாட்டார். ஒரு டைப்ரைட்டரைச் சரிசெய்து முடித்ததும் ஒரு வரி அடித்துப் பார்ப்பார், வரிக் கடைசியில் மணி அடிக்கும், அதுதான் அவர் அன்றைக்குப் பேசிய பேச்சு. எனக்கு விரல் சின்னது என்பதால் எழுத்துக் குழிகளில் அடைத்த அழுக்கைக் குண்டூசியால் எடுப்பது என் வேலை. 'ழ'வின் வயிற்றில்தான் அதிகம் அடைக்கும். படிப்பில் எனக்கு எழுத்து அறிமுகமானதே அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் எங்கே அழுக்குச் சேரும் என்று.

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் முன்னால் நம் பள்ளிக்கூடத்து டைப்ரைட்டர் வீட்டுக்கு வரும். எழுத்தர் அதைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். அதனாலேயே அவருக்கு நான் 'தாயுமானவர்' என்று பேர் வைத்திருந்தேன், அவர் முன்னாலும் அதையே சொல்வேன். கேள்வித்தாள்களை மெழுகுத் தாளில் அடித்து அடித்து எழுத்தெல்லாம் மெழுகு அப்பியிருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் பெரிய சாருடைய இரும்பு பீரோவுக்கென்று ஒரு நகல், அதற்கு ஒரு புதுக் கார்பன் தாள். அடித்து முடித்ததும் கார்பனைக் கொளுத்திவிட வேண்டும் என்பது சட்டம். தாயுமானவருக்கு எதையும் கொளுத்த மனசு வராது. இன்னொரு தடவை உதவுமே என்று அந்தக் கார்பன்களை அடுக்கி, டைப்ரைட்டருக்கு அடியில் இருக்கும் கம்பளித் துணிக்குக் கீழே வைத்துவிடுவார். வைத்ததையும் மறந்துவிடுவார்.

நான் மறக்கவில்லை.

மத்தியானம் அப்பா கண்ணயரும்போது ஒரு கார்பனை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தால் போதும், மை உதிர்ந்த எழுத்துகள் எல்லாம் வெளிச்சமாக எரியும். கறுப்பு வானத்தில் கேள்விகள் நட்சத்திரம் மாதிரி. அண்ணா, நான் அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன், அவ்வளவு அழகாக எதையும் பார்க்கவில்லை.

இப்போது உட்கார்ந்திருந்தால் நன்றாகச் சாய்ந்துகொள். பத்தாம் வகுப்புக்கு நீ பழைய புத்தகம் வாங்கினாய். அதில் முக்கியக் கேள்விகளுக்கெல்லாம் பென்சிலால் சின்னச் சின்னதாக டிக் போட்டிருந்தது. அது உனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த யாரோ ஒரு மகா புத்திசாலி போட்டது என்று முடிவுகட்டி, அந்த டிக் இருந்ததை மட்டும் உருப்போட்டாய். பள்ளிக்கூடம் வைக்கும் கடைசித் தேர்வு. அதில் தேறினால்தான் பொதுத்தேர்வுக்கு விடுவார்கள். பத்துக்கு எட்டு வந்தது. நீ ஓய்வு பெற்ற விழாவில் மைக்கைப் பிடித்து, "முகம் தெரியாத அந்த முன்னோடி மாணவருக்கு நான் தலைவணங்குகிறேன்" என்றாயே, நான் முன்வரிசையில் கைதட்டினேனே, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேனே, நீகூட "போதும்டி"ன்னு கண்ணைக் காட்டினாயே.

அந்த முன்னோடி மாணவர் சடை போட்டிருந்தார். பென்சில் அப்பாவுடையது.

கோபப்படாதே. பொதுத்தேர்வில் நீ வாங்கியது முழுக்க முழுக்க உன் மூளை, அந்தக் கேள்வித்தாள் நம் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன் என்பது வேறு.

அடுத்த வாரம் எனக்கு எட்டாம் வகுப்பு வரலாறு. அதன் கார்பனும் கிடைத்தது. ஆறு கேள்வி. விடைக்கு எங்கே போவது? உன்னிடம்தான். முற்றத்தில் நீ நடக்கும்போது பின்னாலேயே நடந்து, "அண்ணா, குளம் எதுக்கு வெட்டினாங்க?"ன்னு கேட்டேன். தங்கைக்கு அறிவு தாகம் வந்துவிட்டது என்று உனக்கு ஒரே பூரிப்பு. ஐந்து பயனையும் விரல் விட்டுச் சொன்னாய். கடைசியில் எப்போதும் நீ சொல்கிற அந்த வாலையும் ஒட்டினாய்: "ஆகவே, இதிலிருந்து நாம் அறியக் கிடப்பது யாதெனில்." ஆறு விடையையும் அந்த வாலோடேயே மனப்பாடம் செய்தேன். நம்பர் வரிசையில், மூச்சுவிடாமல்.

பரீட்சை அன்றைக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். தெரிந்த ஆளிடம் போய் உன் பேர் என்ன என்று யாராவது கேட்பார்களா? ஒரு மணி நேரத்தில் முடித்து, கட்டி, கொடுத்துவிட்டு, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கம்பீரமாக நான் எங்கேயும் நடந்ததில்லை. என் கல்யாணத்தில்கூட இல்லை. அன்றைக்குச் செருப்பு கடித்தது.

நீ இருபத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவன், உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் அ, ஆ என்று இரண்டு கேள்வித்தாள் தயாரிப்பார்கள், அன்று காலை பெரிய சார் ஒன்றை எடுப்பார், மற்றது பீரோவிலேயே இருக்கும். எனக்கு அது தெரியாது. தாயுமானவர் வைத்திருந்தது ஆ. வகுப்பில் கொடுத்தது அ.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். பெரிய சார் அறையில் மின்விசிறி டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பா ஏற்கெனவே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், வேலைச் சட்டையோடு. வரலாற்று டீச்சர் என் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார். தோள் குலுங்குகிறது, அழுகிறார் என்றே நினைத்தேன்.

"முதல் கேள்வியை நீயே படிம்மா" என்றார் பெரிய சார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கேள்வித்தாளைப் படித்தேன். "பேரரசு வீழ்ந்ததற்கான காரணங்கள் ஐந்து தருக."

"இப்ப நீ எழுதினதைப் படி."

"ஒன்று, குளிக்கலாம். இரண்டு, துணி துவைக்கலாம். மூன்று, ஆடு மாடுகள் நீர் அருந்தும். நான்கு, மீன் வளரும். ஐந்து, கோடையில் கிணறு வற்றாது. ஆகவே, இதிலிருந்து நாம் அறியக் கிடப்பது யாதெனில், இத்தகைய நன்மைகளை மக்கள் என்றும் மறக்கலாகாது."

டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பெரிய சார் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து அந்த ஆ தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் கேள்வி, குளம். இரண்டாவது, நான் எழுதிய இரண்டாவது. ஆறும் அப்படியே. பிறகு என் தாளில் அந்த வாலைத் தொட்டுக் காட்டினார். "இது உன் பாஷை இல்லை. பத்தாவதுல உங்க அண்ணன் எழுதுற ஒவ்வொரு விடையும் இப்படித்தான் முடியும். அவனும் பார்த்தானா?"

அண்ணா, அந்த மின்விசிறிச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. உன் தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, நீ மூன்றாவதாக வந்திருக்கிறாய் என்று அப்பா அன்று காலையில்தான் ஒரு முழு வரி அடித்து மணியடிக்க விட்டிருந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கார்பன் கறுப்பு.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். ஒரே ஒரு கார்பன்தான் இருந்துச்சு. அது என்னோடது."

அவ்வளவுதான் நான் பேசியது. நான், ஒரே மூச்சில், இரண்டே வாக்கியம். யாரும் நம்பமாட்டார்கள். பெரிய சார் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். உள்ளபடி எழுதினால் தாயுமானவர் வேலை போகும், தோண்டினால் இன்னும் என்னென்ன வருமோ. கடைசியில் என் சான்றிதழில் நிற்பதற்குக் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிக் கொடுத்தார். நடந்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அப்பா எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்து மேசைப் பக்கத்தில் போட்டார். சாயங்காலம் நீ வந்து, "என்னடி, பள்ளிக்கூடம் போகலையா?"ன்னு கேட்டாய். நான் குண்டூசியால் 'ழ'வைக் குத்திக்கொண்டே, "நீ படிண்ணா, நான் கடையைப் பாத்துக்கறேன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன் கண் கலங்கியது. சரி, இது நன்றாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இதில் தியாகம் எங்கே இருக்கிறது, சொல். மாட்டிக்கொண்டேன், மாட்டிக்கொண்டபோது ஒரு ஆளோடு முடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். அந்த ஸ்டூலில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். டைப்ரைட்டர் போய் மிக்சி வந்தது, மின்விசிறி வந்தது, இப்போது உன் மருமகள் பள்ளிக்கூடத்து பிரிண்டரே என்னிடம்தான் வருகிறது. போன மாதம் தாள் சிக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஏதோ கேள்வித்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலால் தடவி இழுத்து, நாலாக மடித்து, உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேலே நாலு வரியில் கேட்டேனே, எனக்காகத்தான் என்று சொல்லிவிடு என்று, அதை வெட்டிவிடு. நேற்று உன் மருமகள் சொன்னாள், "ரெண்டு சான்றும் ஒரே மாதிரி இருந்தா எழுத ஒண்ணுமே இல்லம்மா. வேறவேறயா இருந்து, ஏன் வேறன்னு நான் கண்டுபிடிச்சாத்தான் மார்க்." முப்பத்து நாலு வருஷமாக நாம் கட்டிக் காத்த பொய்க்கு மார்க் இல்லையாம். உண்மை சொன்னால் மார்க் உண்டாம். நம் காலத்தில் இப்படியெல்லாம் ஏற்பாடு இருந்ததா?

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ இதுவரை நம்பியதை அப்படியே சொல். எதையும் மாற்றாதே, கண்ணைத் துடைப்பது உட்பட. அதற்கு முன்னால் சனிக்கிழமை நான் அவளை உட்காரவைத்துக் கார்பன், ஜன்னல், குளம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிக் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். அவள் கண்ணில் மாமா பெரிய ஆள். எனக்கும்தான், இத்தனை கேலிக்கு நடுவே. பயமாகத்தான் இருக்கிறது அண்ணா. இனிமேல் என் பேச்சை அவள் எப்படிக் கேட்பாள், "பரீட்சைக்கு ஒழுங்காப் படி"ன்னு எந்த முகத்தோடு சொல்வேன்? கல்யாண வீட்டில் நீ என் தலையைத் தொடுவாயா என்பது அடுத்தது. தொடாவிட்டாலும் பரவாயில்லை, குனிந்து குனிந்து கழுத்து வலிதான்.

அண்ணிக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை அவர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் பாவம். முழங்காலுக்கு எண்ணெய் தேய். எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும், மணி தவறாமல் அடிக்கட்டும்.

இப்படிக்கு,
முகம் தெரிந்த முன்னோடி,
வாயாடி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. பின்குறிப்புக்கு இடம் போதாமல் இந்தக் கடைசித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் உன் மருமகளின் குண்டு குண்டுக் கையெழுத்து. உனக்காக அப்படியே எடுத்து எழுதுகிறேன். "சான்று 1: அம்மா. மாமாவுக்காக நின்றதாகச் சொல்கிறாள். சொல்லும்போது மூக்கைத் தேய்க்கிறாள். சான்று 2: மாமா. ஞாயிறு போன். அதற்குள் அம்மா கடிதம் எழுதிச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். சான்று 3: வரலாற்று டீச்சர். எண் பழைய பள்ளி அலுவலகத்தில் கிடைத்தது. பத்து நிமிடம் சிரித்தார். குளம், பயன்கள் ஐந்து. பிறகு சிரிக்காமல் சொன்னது: 'அண்ணனைக் காட்டிக்கொடுக்கலை.' முடிவு: அம்மா பொய் என்று நினைத்துக்கொண்டு சொல்வது உண்மை."

இதை ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன், இடம் இல்லை. தாளின் மூலையில் அந்தப் பள்ளி முத்திரை இருக்கிறது. அதன்மேல் மிக்சி கிரீஸ் கொஞ்சம் பட்டிருக்கிறது. அவள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடவே குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.